பிரெய்ரியில் இளவேனில்: எந்த அடையாளத்துக்கு எந்த வேலை?

கனடாவில் பிரெய்ரி எனப்படும் புல்வெளிப் பகுதியில் உள்ள மானிட்டோபா, சஸ்காச்சுவான், அல்பெர்ட்டா ஆகிய மாகாணங்களுக்குப் புதிதாக வந்தவர்களின் பொறுமையை அதிகம் சோதிப்பது ஜனவரி அல்ல, மார்ச். மார்ச் 20 அன்று வசந்தம் பிறந்துவிட்டது என்று நாட்காட்டி சொல்லும். ஜன்னலைத் திறந்தால் வேலியோரம் இடுப்பளவு பனி கிடக்கும். நம் பழைய பருவக் கணக்கு இந்த ஊருக்கு இதைவிட நன்றாகப் பொருந்துகிறது. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை உள்ள அந்த அறுபது நாள்தான் பிரெய்ரியின் உண்மையான வசந்தம். சித்திரைப் புத்தாண்டையொட்டிப் பனிப்புயல் அடித்தாலும் திகைக்க வேண்டாம். 2022இல் தெற்கு மானிட்டோபாவில் அப்படித்தான் அடித்தது.

இங்கே வசந்தம் முதலில் ஒளியில் வரும், பிறகு தண்ணீரில், கடைசியாக மண்ணில். காற்று சூடாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பேஸ்மென்ட் நனையும், தக்காளி நாற்று கருகும். எந்த அடையாளம் வந்தால் எந்த வேலையைத் தொடங்கலாம் என்பதைக் கீழே வரிசையாகத் தருகிறோம். தேதிகள் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு இரண்டு வாரம் முன்பின் ஆகலாம். அடையாளங்களின் வரிசை அவ்வளவாக மாறாது.

நம்பக் கூடாத அடையாளம்: ஒரு சூடான நாள்

கால்கரியிலும் தெற்கு அல்பெர்ட்டாவிலும் குளிர்காலத்தின் நடுவிலேயே திடீரென்று பனி உருகும். இது சினூக் காற்று. பசிபிக் பக்கமிருந்து வரும் ஈரக் காற்று ராக்கி மலையில் ஏறும்போது மழையையும் பனியையும் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அழுத்தத்தால் சூடாகி உலர்ந்து வீசுகிறது. மேற்குத் தொடுவானில் மேகம் வளைவாக நிற்கும், அதன் கீழே நீல வானம் ஒரு பட்டையாகத் தெரியும். அந்த வளைவைப் பார்த்தால் சினூக் என்று புரிந்துகொள்ளுங்கள். சில மணி நேரத்தில் இருபது டிகிரி ஏறலாம், மறுநாளே அத்தனையும் இறங்கலாம். அன்றைக்கு நடைபாதையை மூடிய பனியைச் சுரண்டிவிடுவது நல்லது. குளிர்கால உடுப்பைப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

பிப்ரவரி கடைசி, மார்ச்: ஒளியின் அடையாளங்கள்

டிசம்பர் கடைசியில் வின்னிபெக்கில் பகல் எட்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மார்ச்சில் ஒவ்வொரு நாளும் மூன்றரை முதல் நான்கு நிமிடம் வரை பகல் கூடுகிறது. வெயில் இருந்தும் குளிர் விடாததற்குக் காரணம் பனியின் வெண்மை. புதுப் பனி தன் மேல் விழும் ஒளியில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் மர அடிகளைப் பாருங்கள். கறுத்த பட்டை வெயிலை வாங்கிச் சூடாகி, அடிமரத்தைச் சுற்றி வட்டமாகப் பனி கரைந்திருக்கும். இதுதான் முதல் நம்பகமான அடையாளம். வயலில் கறுப்பு மண் திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கியதும் உருகும் வேகம் மளமளவென்று கூடும்.

அடுத்தவை பறவைகளும் வளைவாசிகளும். கிராமத்துச் சரளைச் சாலை ஓரத்தில் மங்கிய பழுப்பில், தலையில் இரண்டு சிறு கொம்புபோல் இறகு நிமிர்ந்த கொம்பு வானம்பாடி பிப்ரவரியிலேயே வந்துவிடும். ஊர்க்காரர்கள் கோஃபர் என்று அழைக்கும் ரிச்சர்ட்சன் தரை அணிலில் ஆண்கள் பிப்ரவரி கடைசி முதல் மார்ச் நடுவுக்குள் வளையை விட்டு எழும். பெண்கள் இரண்டு வாரம் கழித்து. ஆண் கோஃபர் பனி மேல் நிற்பதைப் பார்த்துவிட்டு வசந்தம் வந்தது என்று எண்ண வேண்டாம். அது இடம் பிடிக்க முந்தி வருகிறது. காகங்கள் மார்ச்சில் திரும்பும். கனடா வாத்துகள் மார்ச் நடுவுக்குப் பிறகு வளைகோடுகளாகக் கத்திக்கொண்டு வடக்கே பறக்கும். உள்ளூரில் முதல் வாத்தைப் பார்த்தவர் அதைத் தொலைபேசியில் நாலு பேருக்குச் சொல்வார். அந்த உற்சாகத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் முதல் வாத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று பனிப்பொழிவு பாக்கி இருக்கும்.

இந்தக் கட்டத்து வேலைகள் மூன்று. மிளகாய் விதையை வீட்டுக்குள் போடுவது (விவரம் கீழே). வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிந்த பனியை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி எறிவது. மூன்றாவது சிறிய வேலை: ரெஜைனாவிலோ சாஸ்கட்டூனிலோ இருந்தால் உறவினர்களிடம் பேசும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், சஸ்காச்சுவானில் தள்ளுவதில்லை. ரொறன்ரோவுக்கும் ரெஜைனாவுக்கும் குளிர்காலத்தில் ஒரு மணி வித்தியாசம், அதன் பிறகு இரண்டு.

உருகும் காலம்: பேஸ்மென்டைக் காப்பது

வசந்தத்தில் புதியவர்களுக்கு அதிகப் பணம் செலவாவது இங்கேதான். பலரும் முதல் சில ஆண்டுகள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பதால் இதை நிதானமாகப் படியுங்கள்.

மேல்மண் உருகிய பிறகும் அடிமண் உறைந்தே கிடக்கும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் சரிவு பார்த்து ஓடும், அல்லது சுவரோரம் தேங்கும். வின்னிபெக் சுற்றுவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பனியுக ஏரியான அகாசிஸ் விட்டுப்போன களிமண் அங்கே கிடக்கிறது, கம்போ என்பார்கள். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவரோரம் நீர் தேங்கினால் அந்தக் களிமண் அத்திவாரத்தை நெருக்கும்.

பகலில் +5, இரவில் −5 என்று இரண்டு வாரம் போனால் அது வரம். பகலில் உருகியது இரவில் நிற்கும், நீர் மெதுவாக வடியும். இரவிலும் உறையாமல் மூன்று நாள் தொடர்ந்து சூடாக இருந்து அதன் மேல் மழையும் பெய்தால் ஆபத்து. முன்னறிவிப்பில் இரவு வெப்பத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

1. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்களின் அடியில் நீட்டுக் குழாயை மாட்டுங்கள். பனி அள்ள இடைஞ்சல் என்று பலர் குளிர்காலத்தில் மடக்கி வைத்திருப்பார்கள். நீர் சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி விழ வேண்டும். நடைபாதை மேலோ பக்கத்து வீட்டுப் பக்கமோ வேண்டாம். நடைபாதையில் விட்டால் இரவில் அது கண்ணாடிபோல் உறையும்.

2. பேஸ்மென்டில் சேரும் நீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் இருக்கிறதா பாருங்கள். தரையில் மூடி போட்ட குழி, அதற்குள் மோட்டார், மிதவை. ஒரு 20 லிட்டர் வாளித் தண்ணீரை மெதுவாகக் குழியில் ஊற்றுங்கள். மிதவை மேலே வந்ததும் பம்ப் ஓட வேண்டும், குழியைக் காலி செய்து தானே நிற்க வேண்டும்.

3. ஓடவில்லை என்றால்: முதலில் ப்ளக், பிரேக்கர். அடுத்து மிதவை குழியின் பக்கச் சுவரில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி காரணம் இதுதான். ஓடி நின்ற உடனே தண்ணீர் குழிக்கே திரும்பினால், குழாயில் உள்ள ஒருவழி வால்வு பழுது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டம் இறங்கவில்லை என்றால் குழாயின் வெளி முனை உறைந்து அடைத்திருக்கும். உடனே நிறுத்துங்கள், விட்டால் மோட்டார் எரியும். வெளி முனையை வெந்நீர் ஊற்றித் திறந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

4. அட்டைப் பெட்டி, அரிசி மூட்டை, கம்பளம் எதுவும் தரையில் நேராக இருக்க வேண்டாம். தரை வடிகால் வாயை மறைத்து எதையும் வைக்க வேண்டாம்.

5. தெருவோரச் சாக்கடை வாய் பனியில் மூடியிருந்தால் அதைச் சுற்றிக் கொத்தி வழி விடுங்கள். திறக்க முடியாத அளவுக்கு உறைந்திருந்தால், வின்னிபெக், கால்கரி, எட்மன்டன் நகரங்களில் நகராட்சிச் சேவை எண்ணான 311க்கு அழைத்துச் சொல்லலாம்.

காப்பீடு பற்றி ஒரு எச்சரிக்கை. கழிவுநீர் மேலேறி வருவதற்கும் வெளியே ஓடும் வெள்ளம் உள்ளே புகுவதற்கும் பெரும்பாலான பாலிசிகளில் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களின் பொருள்களை வீட்டுக்காரரின் காப்பீடு காக்காது. வாடகையாளர் காப்பீட்டை மார்ச்சுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஆறும் ஐஸும்

வின்னிபெக் வழியாக ஓடும் ரெட் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வசந்தமும் தெற்கிலிருந்துதான் வருகிறது. அதனால் அமெரிக்கப் பக்கம் உருகிய நீர், இன்னும் உறைந்து கிடக்கும் வடபகுதியில் வந்து முட்டும். ஐஸ் பாளங்கள் அணைபோல் அடைத்தால் பின்னால் நீர் ஏறும். 1950இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, மாகாண முதல்வர் டஃப் ராப்ளின் முயற்சியால் நகரைச் சுற்றி 47 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளக் கால்வாய் தோண்டினார்கள். 1968இல் வேலை முடிந்தது. 1997 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பெரும் பனிப்புயல் வந்து, அடுத்து வந்த வெள்ளம் அந்தக் கால்வாயைச் சோதித்தது. நகரின் பெரும்பகுதி தப்பியது. பிறகு கால்வாயை இன்னும் அகலப்படுத்தினார்கள். ஆற்றங்கரைப் பகுதியில் வீடு பார்க்கிறீர்கள் என்றால், 1997இல் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்ட பிறகே பேச்சைத் தொடருங்கள்.

உறைந்த ஏரியில் நடப்பது பற்றி: நடுக்குளிர்காலத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் தெளிந்த ஐஸ் ஒருவரின் எடையைத் தாங்கும் என்பார்கள். ஏப்ரலில் இந்தக் கணக்கு செல்லாது. வெயில் ஐஸுக்குள் நுழைந்து அதை மெழுகுவர்த்திக் கட்டுப்போல் செங்குத்துக் குச்சிகளாகப் பிரித்துவிடும். நாற்பது சென்டிமீட்டர் தடிப்பு இருந்தாலும் காலுக்கடியில் குலைந்து போகும். ஐஸ் சாம்பல் நிறமாகக் கறுத்திருந்தாலோ கரையோரம் நீர்க் கோடு தெரிந்தாலோ கால் வைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள். நேற்றுவரை சறுக்கி விளையாடிய குளம்தானே என்று அவர்கள் நினைப்பார்கள்.

தெரு, கார், காலணி

விரிசலில் இறங்கிய நீர் இரவில் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு விரியும். பகலில் உருகிப் பள்ளமாகும். ஆகவே ஏப்ரல் சாலைகளில் தேங்கிய நீர் எதுவும் பள்ளமாக இருக்கலாம் என்று கணக்கில் கொள்ளுங்கள். பள்ளத்தில் பலமாக விழுந்தால் டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அந்த டயரை மாற்ற வேண்டும். விண்டர் டயரைக் கழற்றுவதற்கு அளவு, காலை வெப்பமும் சேர்த்து 7 டிகிரிக்கு மேல் நிலைப்பது. பெரும்பாலும் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். −40 தாங்கும் கண்ணாடி கழுவும் நீரை மே நடுவரை வைத்திருங்கள். குளிர்காலத்தில் போட்ட உப்பும் மணலும் காரின் அடியில் ஒட்டியிருக்கும்; இரவு உறைவது நின்றதும் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். அதே மணலைத் தெருவில் கூட்டித் துடைக்க நகராட்சி வண்டிகள் வரும். அதற்கு முன் தற்காலிக நிறுத்தத் தடைப் பலகை வைப்பார்கள், தினமும் பார்த்து வண்டியை நகர்த்துங்கள். ரப்பர் பூட்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஏப்ரல்: காதைத் தீட்டுங்கள், தரையைப் பாருங்கள்

இந்த மாதத்தின் அடையாளங்கள் அழகானவை, நம்பகமானவையும் கூட. வேலிக் கம்பத்தின் மேல் மஞ்சள் மார்பில் கறுப்பு V போட்டுக்கொண்டு நிற்பது மேற்கத்திய புல்வெளி வானம்பாடி. அதன் புல்லாங்குழல் குரலைக் கேட்டால் வயலில் பனி போய்விட்டது என்று பொருள். ராபின் பறவை புல்தரையில் தலையைச் சாய்த்து நடந்தால் மேல்மண் உருகி மண்புழு எட்டும் ஆழத்தில் இருக்கிறது. மாலையில் பள்ளங்களில் தேங்கிய நீரிலிருந்து, சீப்பின் பல்லை நகத்தால் வருடினால் கேட்குமே, அதுபோல் ஒரு ஓசை நூற்றுக்கணக்கில் எழும். அது கட்டைவிரல் நுனியளவே உள்ள போரியல் தவளையின் கூட்டுப்பாட்டு. அந்த ஓசை கேட்டபின் குளிர் முழுவதுமாகத் திரும்பி வராது, ஒன்றிரண்டு பனிப்பொழிவு மட்டும் வந்து போகும்.

பூவில் முதலாவது பிரெய்ரி குரோக்கஸ். பெயரில் குரோக்கஸ் இருந்தாலும் அது அனிமோனி இனம். 1906 முதல் மானிட்டோபாவின் மாகாண மலர். தெற்கு பார்த்த சரிவுகளில், பழைய காய்ந்த புல்லுக்கு நடுவில், இலை வருவதற்கு முன்பே, விரலளவு உயரத்தில் வெளிர் ஊதாக் கிண்ணமாகப் பூக்கும். தண்டு முழுக்க வெள்ளி ரோமம். அந்த ரோமம் குளிர்க்காற்றைத் தடுக்க, கிண்ணம் சூரியனை நோக்கித் திரும்பி உள்ளே வெப்பத்தைச் சேர்க்கும்; சீக்கிரம் எழுந்த தேனீக்கள் உள்ளே வந்து சூடு காய்ந்து போகும். கால்கரியின் நோஸ் ஹில் பூங்காவிலும் வின்னிபெக்கின் லிவிங் பிரெய்ரி அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். பறிக்காதீர்கள், தோண்டி வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். ஆழமான வேர் அறுந்துபோய்ச் செத்துவிடும். உழப்படாத புல்வெளியில் மட்டுமே அது பெருவாரியாக மிஞ்சியிருக்கிறது.

பூ எப்போது பூத்தது என்று குறித்து வைப்பதற்கு இங்கே ஒரு மரபே உண்டு. அல்பெர்ட்டாவில் எலிசபெத் போபியன் என்ற ஆய்வாளர், 1936 முதல் 2006 வரையான பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஆஸ்பென் மரமும் குரோக்கஸும் இரண்டு வாரம் அளவுக்கு முந்திப் பூக்கத் தொடங்கியிருப்பதைக் கண்டார். பூப்பது முந்தினாலும் உறைபனி அதே அளவுக்கு முந்தி ஓடிவிடுவதில்லை. ஆகவே பழைய நாட்களை மட்டும் நம்பாமல், உங்கள் தெருவில் முதல் குரோக்கஸ், முதல் தவளை, லைலக் செடி பூத்த நாள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்று ஆண்டில் உங்களுக்கே உங்கள் ஊர்ப் பஞ்சாங்கம் கிடைக்கும்.

ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை, வின்னிபெக்குக்கு வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நார்சிஸ் பாம்பு வளைகளுக்குப் போங்கள். சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் குளிர்காலத்தைக் கழித்த ஆயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் ஒரே நேரத்தில் வெளியேறிப் பந்துபந்தாக உருளும். மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. வெயில் அடிக்கும் சூடான பகலில் போங்கள். குளிர்ந்த நாளில் ஒன்றும் வெளிவராது.

இதே வாரங்களில் கவனமாக இருக்க வேண்டியவையும் உண்டு. பனி போய்ப் புதுப்புல் முளைப்பதற்கு முன் காய்ந்த புல்தரை ஒரு தீப்பொறிக்குப் பற்றும். ஊர் நிர்வாகம் தீத் தடை அறிவித்திருந்தால் முற்றத்தில் நெருப்பு மூட்ட வேண்டாம். முட்டை வைத்த கனடா வாத்து கழுத்தை நீட்டிச் சீறினால் பின்வாங்குங்கள். புல்தரையில் முயல் குட்டி தனியாக இருந்தால் கைவிடப்பட்டது என்று எண்ண வேண்டாம். தாய் அந்தியில் வந்து பாலூட்டிவிட்டுப் போகும், எடுத்துவந்தால்தான் அநாதையாகும். உண்ணிகளும் இப்போதே எழும். நீண்ட புல்லில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடியைப் பாருங்கள். கடித்திருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, திருகாமல், நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். தெற்கு மானிட்டோபாவில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது. கடித்த இடத்தில் சிவந்து பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மண்: எப்போது விதைப்பது, எப்போது நடுவது

உறைபனி இல்லாத காலம் இங்கே நகரங்களில் ஏறக்குறைய நாலு மாதம்தான். வெளியே நேராக விதைத்தால் மிளகாய், கத்தரி, தக்காளி பழுக்க நாள் போதாது. வீட்டுக்குள் நாற்று வளர்க்க வேண்டும்.

மிளகாய் மார்ச் நடுவில், கத்தரி மார்ச் கடைசியில், தக்காளி ஏப்ரல் முதல் வாரத்தில். விதைக்கலவையை ஈரமாக்கி அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். மிளகாய் முளைக்க மண் 25 டிகிரிக்குக் கிட்ட இருக்க வேண்டும். ஜன்னல் ஓரம் குளிர்ந்து கிடக்கும், அங்கே வைக்க வேண்டாம். முளைத்ததும் விளக்கை நாற்றின் தலையிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். ஒளி போதாவிட்டால் நாற்று நூல்போல நீண்டு சாயும். தண்ணீர் அதிகமானால் தண்டின் அடி அழுகி ஒரே இரவில் விழும்.

தோட்டத்து மண்ணை ஒரு பிடி அள்ளி உருட்டிப் பாருங்கள். உருண்டை உடையாமல் பளபளத்தால் இன்னும் காலம் வரவில்லை. ஈரக் களிமண்ணை இப்போது மிதித்தால் கோடை முழுக்கக் கல்லாக இருக்கும். விரலால் தட்டி உதிர்ந்தால் சரி. மண் வெப்பம் காலையில் 5 டிகிரியைத் தாண்டியதும், பெரும்பாலும் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம், பட்டாணி, முள்ளங்கி, பசலை (ஸ்பினச்), வெந்தயம், கொத்தமல்லி விதைக்கலாம். இவை லேசான உறைபனியைத் தாங்கும். விவசாயிகள் கோதுமை விதைக்கப் பார்ப்பதும் இதே அளவைத்தான்.

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை மே 24ஐ ஒட்டி வரும் விக்டோரியா தின நீண்ட வார இறுதிக்கு முன் வெளியே நட வேண்டாம். அதற்கு முந்தைய 7 முதல் 10 நாள் பழக்க வேண்டும்: முதல் நாள் நிழலில் ஒரு மணி, பிறகு தினமும் ஒரு மணி கூட்டி, கடைசி இரண்டு நாள் இரவும் வெளியே. பிரெய்ரிக் காற்று பழகாத தண்டை ஒடித்துவிடும், பழகாத இலையை வெயில் வெள்ளையாகப் பொசுக்கும். நட்ட பிறகும் வானம் தெளிந்து காற்று நின்ற இரவுகளில், முன்னறிவிப்பு +2 என்றாலும் தரையோரம் உறைபனி விழும். அன்று மாலையே பழைய படுக்கை விரிப்பால் மூடி, காலையில் எடுங்கள். பிளாஸ்டிக் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும்.

வெண்டை, பாகலுக்கு மண் 18 டிகிரி வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மண்ணைச் சூடாக்கி, ஜூன் முதல் வாரத்தில் நடுங்கள். விதைப் பொட்டலத்தில் காய்க்கும் நாள் 70க்குள் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். தண்டுக்கீரை மட்டும் இந்த நீண்ட பகல்களில் தழைத்து வளரும், ஜூனில் தூவினால் ஆறு வாரத்தில் கிள்ளலாம். கறிவேப்பிலைத் தொட்டிக்கு லைலக் பூப்பதுதான் அடையாளம். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமல் ஒரு வாரம் போகட்டும், பிறகு தொட்டியை வெளியே எடுத்து முதல் வாரம் நிழலில் வையுங்கள்.